நாற்பத்தாறாவது கிலோமீட்டர்

கடைத்தெருவில் என் அக்கா வீட்டுக்காரருக்கு 'முத்திரை' என்று பெயர். அவர் தெருமுனையில் திரும்பும்போதே கடைக்குக் கடை சேதி போய்விடும்: "முத்திரை வர்றாரு." தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் மெழுகு காணாமல் போகும். எடைக்கற்களை அவசரமாகத் துணியால் துடைப்பார்கள். அவருக்கு எடையளவு ஆய்வாளர் வேலை. கையில் ஒரு தோல்பை, அதில் சரிபார்த்த எடைக்கற்கள், ஈயத்தில் குத்தும் அச்சு, சின்னச் சுத்தியல். முப்பத்தோரு வருஷம் அந்தப் பையைத் தூக்கியதில் வலது தோள் இடது தோளைவிட இறங்கிவிட்டது. எவ்வளவு என்று கேட்டால் பதினாறு மில்லிமீட்டர் என்பார். அளந்து வைத்திருக்கிறார்.

எனக்குச் சைக்கிள் கடை. ஒரு பக்கம் விற்பனை, ஒரு பக்கம் பழுது, நடுவில் நான். எனக்குப் பொறுமை கிடையாது என்று அக்கா சொல்வாள். கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். இரண்டுமே சரிதான். இந்த மாமாவிடம் நான் ஒரு பொய் சொன்னேன். ஒரே வார்த்தை. அதை மறைக்க மேலும் மூன்று சொன்னேன். அதையெல்லாம் சொல்லாமல் இந்த மனிதரைப் பற்றி எழுதினால் அது ஐந்தாவது பொய்யாகிவிடும்.

மாமாவுக்கு இரண்டு விதிகள். எதை அளந்தாலும் இரண்டு பேர் அளக்க வேண்டும். இரண்டாவது ஆளுக்கு முதல் ஆளின் எண் தெரியக்கூடாது. இது முதல் விதி. ஒரு தராசில் ஒரே ஒரு திருகை மாற்றினாலும் பழைய முத்திரை செல்லாது, மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டும். இது இரண்டாவது. ஆபீஸில் இதற்காக அவரை மெச்சினார்கள். வீட்டில் உயிர் போனது. ஜுரம் வந்தால்கூடத் தெர்மாமீட்டரை அவர் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் அக்காவிடம் நீட்டுவார். அக்கா முதல் வருஷம் அழுதாள், இரண்டாம் வருஷம் சண்டை போட்டாள், மூன்றாம் வருஷத்திலிருந்து எண்ணைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அவளுக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்தான் வேலை, அதனால் ஒருவழியாகக் குடும்பம் ஓடியது.

அவருடைய ரத்தத்தில் சர்க்கரை இருப்பதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது வயது. டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். மாமா என் கடைக்கு வந்து ஒரு சைக்கிள் வாங்கினார். தினம் ஐந்து கிலோமீட்டர் என்று ஆரம்பித்தவர் ஆறே மாதத்தில் நாற்பதுக்கு வந்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தால் நூறு. துணைக்கு ஆள் வேண்டும் என்று அக்கா என்னைத் தலையில் கட்டிவிட்டாள். எட்டு வருஷம் அவர் பின்னாலேயே மிதித்தேன். மழையிலும் போயிருக்கிறோம், மலைப்பாதையிலும் போயிருக்கிறோம். பேச மாட்டார், ஆனால் ஒவ்வொரு பத்தாவது கிலோமீட்டரிலும் திரும்பிப் பார்த்து, "மாப்ளே, இருக்கியா?" என்பார்.

இவ்வளவு சந்தேகப் பிராணி இரண்டாம் முறை சரிபார்க்காத ஒரே விஷயம் உலகத்தில் உண்டென்றால் அது என் வாய்வார்த்தைதான். காற்று சரியாக இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, செயின் தாங்குமா, எதைக் கேட்டாலும் நான் "சரி" என்றால் ஏறி உட்கார்ந்து போய்விடுவார். "சைக்கிள் விஷயத்துல நீ சொன்னா சரி மாப்ளே," என்பார். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும். கடைத்தெருவில் வேறு யாருக்கும் அந்த மரியாதை கிடைத்ததில்லை.

எங்கள் ஊருக்கு வடக்கே ஒரு நாள் தூரத்தில் பாலைவனம் ஆரம்பிக்கிறது. அதன் நடுவே ஒரே ஒரு சாலை, அந்தக் கோடியில் உப்பு வெட்டும் ஊர். உப்பு ஏற்றும் லாரிகளை எடைபோடும் மேடையைச் சோதிக்க மாமா வருஷத்துக்கு இரண்டு தடவை ஆபீஸ் ஜீப்பில் அந்தச் சாலையில் போவார். ஓய்வு பெற ஒரு வருஷத்துக்கும் குறைவாக இருந்தபோது, அதே சாலையைச் சைக்கிளில் கடக்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை வந்தது. முப்பத்தோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து 'ஆசை' என்ற சொல்லை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"டேய், அவரு கணக்குப் போட்டுட்டாருன்னா போயே தீருவாரு. நீ கூடப் போ. எப்படிப் போறாரோ அப்படியே கொண்டாந்து என்கிட்ட விடணும்."

"என்னமோ கண்ணாடிச் சாமானக் குடுத்து அனுப்புற மாதிரி சொல்ற?"

"கண்ணாடிச் சாமான்னா உன்கிட்ட குடுக்கவே மாட்டேன்," என்றாள்.

கடைசி பெட்ரோல் பங்க்கைத் தாண்டினால் நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டருக்குக் கடை கிடையாது, மரம் கிடையாது, போனில் சிக்னல் கிடையாது. அத்தனை தண்ணீரைச் சைக்கிளில் சுமக்க முடியாது. அதனால் மூன்று வாரம் முன்பே மாமா ஒரு வேனை அமர்த்திக்கொண்டு போய், மூன்று இடங்களில் தண்ணீர் பாட்டில்களைப் புதைத்துவிட்டு வந்தார். வேன் மீட்டரைத் தன் சைக்கிள் மீட்டரோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் கிளம்பினார். பங்க்கின் வாசல்தான் பூஜ்யம். அங்கிருந்து நாற்பத்தாறு, தொண்ணூற்றிரண்டு, நூற்று முப்பத்தெட்டு. சாலையின் இடது ஓரத்திலிருந்து ஏழு தப்படி தள்ளிக் குழி, மேலே வெள்ளையடித்த ஒரு கல். நோட்டில் இவ்வளவுதான் எழுதியிருந்தார்.

"பக்கத்துல மேடு, பள்ளம், ஏதாவது அடையாளம் இருக்கா மாமா?" என்று கேட்டேன்.

"மணல்ல மேடு இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. நம்பர் அப்படியே இருக்கும்."

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், சாலையில் நிறைய இடத்தில் மணல் ஏறிக் கிடப்பதாக ஒரு லாரிக்காரர் என் கடையில் சொன்னார். மாமாவின் சைக்கிளில் இருந்தது மெல்லிய டயர், மணலில் புதைந்துவிடும். நல்லது செய்கிற எண்ணத்தில்தான் இரண்டு சைக்கிளுக்கும் தடித்த டயர் மாற்றினேன். என் சைக்கிளில் மீட்டர் கிடையாது, அவருடையதில் உண்டு. டயர் தடித்தால் சக்கரத்தின் சுற்றளவு கூடும். சைக்கிள் மீட்டர் சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்றுதான் எண்ணும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று நாம்தான் அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். புதுச் சுற்றளவைத் தரையில் உருட்டி அளந்து, மீட்டரின் பின்னால் இருக்கும் பொடிப் பொத்தானைக் குண்டூசியால் அழுத்தி மாற்ற வேண்டும். பத்து நிமிஷ வேலை.

மாமா சாயங்காலம் தன் பட்டியலோடு வந்தார். கடையில் அன்று கூட்டம். ஒருத்தருக்குப் பெடல் கழன்றிருந்தது, ஒருத்தர் வாங்கிய சைக்கிளைத் திருப்பிக்கொடுக்க வந்து வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மாமா ஒவ்வொன்றாகக் கேட்டு டிக் அடித்தார். உபரி டியூப், பிரேக் கட்டை, செயின் எண்ணெய். பதினோராவது கேள்வியில் எனக்குப் பொறுக்கவில்லை.

"டயர் மாத்தியிருக்கியே, மீட்டர் பாத்தியா?"

"பாத்தாச்சு மாமா," என்றேன்.

பார்க்கவில்லை. அவர் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுகூட நினைத்ததாக நினைவில்லை. வாயை அடைக்கச் சொன்ன வார்த்தை அது. அவர் டிக் அடித்துவிட்டுப் போனார். நானும் பெடலுக்குத் திரும்பினேன், மறந்தும்போனேன்.

லாரியில் சைக்கிள்களை ஏற்றிப் பங்க் வரை போய்ச் சேர்ந்தோம். மறுநாள் விடியும் நேரத்தில் மாமா வாசலில் நின்று மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். பங்க்கில் வேலை செய்தவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"உப்பு லாரியெல்லாம் அந்தப் பக்கமே நிறுத்திட்டாங்க சார். புழுதிக்காத்து வருதாம்."

"சாயங்காலத்துக்கு மேலதான்னு சொல்லியிருக்காங்க. மதியத்துக்குள்ள முதல் தண்ணிக்குப் போயிடுவோம். அங்கயே ஒதுங்கிக்கலாம்," என்றார் மாமா.

காற்று சொன்ன நேரத்துக்கு வரவில்லை. ஒன்பது மணிக்கே வந்தது. முதலில் முகத்தில் சூடாக ஊதியது, அடுப்புக் கதவைத் திறந்தால் அடிக்குமே அந்தச் சூடு. பிறகு சாலையின் மேல் மணல் ஓடத் தொடங்கியது. பாம்பு பாம்பாக நெளிந்து குறுக்கே ஓடிய மணல் கொஞ்ச நேரத்தில் முழங்கால் உயரத்துக்கு எழும்பியது, அப்புறம் சாலையே தெரியவில்லை. எதிர்க்காற்றில் ஆள் நடக்கிற வேகத்தில்தான் மிதிக்க முடிந்தது. மூக்கிலும் வாயிலும் ஈரத்துணியைக் கட்டினோம், ஐந்து நிமிஷத்தில் அது காய்ந்து மொடமொடத்தது. பல்லுக்கு நடுவே மணல் நறநறத்தது. ஆளுக்கு ஐந்து லிட்டர் கொண்டுபோயிருந்தோம். நாற்பதாவது கிலோமீட்டரில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பாட்டில்தான் மிச்சம்.

பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை அவர் திரும்பிப் பார்ப்பது நிற்கவில்லை. காற்றில் குரல் கேட்கவில்லை, உதடு அசைவது மட்டும் தெரிந்தது. இருக்கியா? கையைத் தூக்கிக் காட்டினேன்.

மீட்டர் நாற்பத்தாறு காட்டியபோது மத்தியானம் இரண்டு மணி. மாமா இறங்கினார். இறங்கியவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அவருக்குத் தலை சுற்றியது என்று பிறகுதான் தெரிந்தது. இடது ஓரத்திலிருந்து ஏழு தப்படி எண்ணினார். கல் இல்லை. மணல் மூடியிருக்கும் என்று சொல்லி, கூடாரக் குச்சியால் குத்திப் பார்த்தார். நான் சாப்பாட்டுத் தட்டால் தோண்டினேன். முன்னால் இருபது தப்படி, பின்னால் இருபது தப்படி. தோண்டத் தோண்டக் குழியைக் காற்று மூடியது. ஒரு மணி நேரம் இப்படிப் போனது. மிச்சமிருந்த பாட்டிலில் நாலு மடக்கு. அதை அவர் எனக்கு நீட்டினார், நான் அவருக்கு நீட்டினேன். கடைசியில் ஆளுக்கு இரண்டு மடக்கு குடித்தோம்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "அடையாளம் எழுதி வைங்கன்னு அன்னிக்கே தலைதலையா அடிச்சுக்கிட்டேனே மாமா. நம்பராம் நம்பர். அதையே குடிங்க இப்ப," என்றேன்.

அவர் நோட்டைத் திறந்து, அந்தப் பக்கத்தை உடம்பால் காற்றிலிருந்து மறைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பப் படித்தார்.  "நான்தான் தப்பா எழுதிட்டேன் போல இருக்கு," என்றார். அந்த வாக்கியத்தை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நிமிஷம் நன்றாகவே இருந்தது.

அப்புறம் சாய்ந்து கிடந்த அவருடைய சைக்கிளைப் பார்த்தேன். முன்சக்கரம் காற்றில் தானாகச் சுழன்றுகொண்டிருந்தது. மீட்டர் சுற்றை எண்ணுவதற்காகக் கம்பியில் கட்டிய சின்னக் காந்தம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை கடந்து போனது. தடித்த டயர். குண்டூசி. பத்து நிமிஷ வேலை. 

பழைய டயரின் சுற்றளவு இரண்டாயிரத்து நூற்று ஐம்பத்தைந்து மில்லிமீட்டர், புதியது இரண்டாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு. வித்தியாசம் ஒரு சாண்கூட இல்லை. ஆனால் இருபத்தோராயிரம் சுற்றுக்கு மேல் சுற்றி வந்திருக்கிறோம். கணக்கில் நான் சூரன் இல்லை, பயத்தில் நன்றாகவே கணக்கு வந்தது. மீட்டர் குறைவாகக் காட்டியிருக்கிறது. தண்ணீரைத் தாண்டி ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் வந்துவிட்டோம்.

மாமா எழுந்து சைக்கிளை நிமிர்த்தினார். "முன்னாடி போய்ப் பாப்போம். இன்னும் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும்."

"வேண்டாம் மாமா. பின்னாடி போலாம்."

"ஏன்?"

"பின்னாடிதான் இருக்கும்னு தோணுது."

"தோணுதுன்னா? காரணம் சொல்லு."

அவரைக் காரணம் இல்லாமல் நகர்த்த முடியாது. உண்மையான காரணம் என் நாக்கு நுனியில் இருந்தது. நான் அப்போதுதான் அவரை வாய்க்கு வந்தபடி பேசி முடித்திருந்தேன். அதற்கு மேல் அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

"வர்ற வழியில வெள்ளையா ஒரு கல்லு பாத்த மாதிரி இருந்துச்சு. வேற ஏதோன்னு நெனச்சு விட்டுட்டேன்," என்றேன்.

கண்ணால் பார்த்த சாட்சி. அது அவருக்குப் போதும். உடனே திரும்பினார். காற்று இப்போது முதுகில் இருந்தது, தள்ளிக்கொண்டு போனது. நான் அவர் பக்கத்திலேயே மிதித்து, அவருடைய மீட்டரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தேன். திரும்பியதிலிருந்து இரண்டே முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஓடியிருந்தபோது "இங்கதான்" என்றேன். ஏழு தப்படி. மூன்றாவது குத்தில் குச்சி எதன் மேலோ இடித்தது. மேலே மணல், கீழே வெள்ளைக் கல், அதற்கும் கீழே சாக்கு, சாக்குக்குள் பன்னிரண்டு பாட்டில்.

முதல் பாட்டிலை அவர் வாயில் வைத்தபோது தண்ணீர் தாடையில் வழிந்தது. பாதி குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் அவ்வளவு நன்றி இருந்தது, எனக்குப் பார்க்க முடியவில்லை.

"உன் கண்ணு நல்ல கண்ணு மாப்ளே. என் கணக்குதான் போச்சு," என்றார்.

தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு சாலைக் கரையின் சரிவில் படுத்துக் கிடந்தோம். மறுநாள் காலை காற்று அடங்கியது. தன் நோட்டில் இருக்கும் மற்ற இரண்டு எண்களையும் நம்ப முடியாது என்று மாமா சொன்னார். பயணம் அங்கேயே முடிந்தது. முதலில் வந்த உப்பு லாரி எங்களை ஏற்றிக்கொண்டது. வழி முழுக்க ஒரு பத்தாவது கிலோமீட்டரில்கூட அவர் என் பக்கம் திரும்பி, இருக்கியா என்று கேட்கவில்லை.

ஊர் வந்ததும், "மீட்டரச் சோதிக்கணும்," என்றார். நான் முந்திக்கொண்டேன். மணல் புகுந்திருக்கிறது, கழுவ வேண்டும் என்று சொல்லிச் சைக்கிளைக் கடைக்கு எடுத்துப்போய், தடித்த டயரைக் கழற்றிப் பழையதையே மாட்டினேன். அவர் வந்து கேட்டார்.

"டயர் மாத்தினப்ப மீட்டர்லயும் மாத்தியிருந்தே இல்ல? இப்ப பழைய அளவு போட்டுட்டியா?"

"போட்டுட்டேன் மாமா."

போட வேண்டிய அவசியமே இல்லை, அது பழைய அளவில்தான் கிடந்தது. அவர் அளந்து கோடு போட்டு வைத்திருந்த ஒரு கிலோமீட்டர் சாலையில் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். மூன்று தடவையும் சரியாகக் காட்டியது. வேன் மீட்டரையும் ஓட்டிப் பார்த்தார், அதுவும் சரி. சைக்கிள் விஷயத்தில் நான் சொன்னது சரி. மிச்சமிருந்தது அவர் ஒருவர்தான். நோட்டில் அந்த நாற்பத்தாறுக்குப் பக்கத்தில் 'பிழை என்னுடையது' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார்.

அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். அவர் விடவில்லை. மூன்று கிலோமீட்டர் தவறாக எழுதியது எப்படித் தனக்கே தெரியாமல் போனது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டை இழுத்துப் பார்க்கும்படி அக்காவிடம் சொன்னார். மாத்திரை போட்டோமா என்று மாத்திரை அட்டையை எண்ணினார். ஒரு கடையில் முத்திரை குத்திவிட்டு, சரியாகத்தான் பார்த்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போனார். கடைக்காரர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். இரண்டு மாதம் கழித்து, மேலதிகாரியிடம் தானே எழுதிக்கொடுத்து, அச்சையும் சுத்தியலையும் ஒப்படைத்துவிட்டு, ஆவண அறைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். கட்டுக்கட்டாகப் பழைய காகிதம், ஒரு மேஜை, ஜன்னல் இல்லாத சுவர்.

அக்கா அவரை ஞாபகமறதிக்கு டாக்டரிடம் அழைத்துப் போனாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லச் சொன்னாராம் டாக்டர். டாக்டர் சரிபார்ப்பதற்குள் இவர் இரண்டுக்கு வந்து நின்றாராம். ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். "ஒருத்தரே பாத்தா எப்படி? இன்னொரு டாக்டரும் பாக்கணும்," என்று இவர் சொன்னாராம். அதைச் சொல்லும்போது அக்கா சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். என் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டுதான்.

"அங்க என்னடா நடந்துச்சு? நீதானே கூட இருந்தே. எப்படிப் போனாரோ அப்படியே கொண்டாந்து விடுன்னுதானே சொன்னேன்?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"வயசாகுது இல்லக்கா," என்றேன்.

நான்கு பொய்யிலும் கேவலமானது அதுதான். மற்றதெல்லாம் அவசரத்திலும் பயத்திலும் வந்தவை. இதை உட்கார்ந்து யோசித்துச் சொன்னேன். அன்றிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். கடையில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். மாமா அந்த ஆவண அறையிலிருந்தே ஓய்வு பெற்றார். கடைத்தெருவில் கடைசியாக ஒரு சுற்று வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

ஓய்வு பெற்ற மறுவாரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். ஏறி வரவில்லை, உருட்டிக்கொண்டு வந்தார். மத்தியானம், கடையில் யாரும் இல்லை.

"இத வித்துடு மாப்ளே."

"எதுக்கு மாமா?"

"ரோட்டுல போறப்ப யாரையாவது இடிச்சிட்டேன்னா? என் புத்தி எனக்கே நம்பிக்கையா இல்ல." சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, துணியால் ஹேண்டில்பாரைத் துடைத்தார். "நல்லா ஓடுற வண்டி. நல்ல ஆளாப் பாத்துக் குடு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "மாமா, நான் அன்னிக்கு மீட்டரப் பாக்கல," என்றேன்.

துடைப்பதை நிறுத்தினார். முழுவதையும் சொன்னேன். பாத்தாச்சு என்றது, கல், பழைய டயர், அக்காவிடம் சொன்னது. சப்பைக்கட்டு எதுவும் கட்டவில்லை.  திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"அந்த டயர் இருக்கா?" என்று கேட்டார்.

ஆணியில்தான் தொங்கியது. மாட்டச் சொன்னார். மாட்டினேன், காற்றடித்தேன். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு. அவர் ஏறி உட்கார, நான் ஒரு சுற்று உருட்டினேன். இரும்பு டேப்பால் அவர் அளந்தார், எண்ணைச் சொல்லவில்லை. டேப்பை என்னிடம் நீட்டினார். நான் அளந்தேன்.

"ரெண்டாயிரத்து இருநூத்தித் தொண்ணூறு," என்றேன்.

தலையசைத்தார். சட்டைப்பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தார். எட்டு மாதமாக அதைக் கூடவே வைத்திருந்திருக்கிறார். என் பட்டறை மேஜையில் வைத்துக் கணக்கைப் போட்டார். கடைசியில் வந்த எண் இரண்டு புள்ளி எட்டு எட்டு கிலோமீட்டர். அதன் கீழே கோடு போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின, இறங்கியிருந்த தோளும் இறங்காத தோளும்.

"அப்ப என் தலை நல்லாத்தான் இருக்கு," என்றார் கைகளுக்குள்ளிருந்து. "நல்லாத்தான் இருந்திருக்கு."

"ஆமா மாமா."

முகத்தைத் துடைத்துக்கொண்டு, 'பிழை என்னுடையது' என்ற வரியை ஒரே கோட்டால் அடித்தார். பேனாவை என் பக்கம் நீட்டினார். "ரெண்டாவது ஆள் கையெழுத்துப் போடணும்."

போட்டேன். தேதியும் போடச் சொன்னார், போட்டேன். நோட்டை மூடிக்கொண்டே கேட்டார்: "அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீயே போய்ச் சொல்லு."

அன்றே போனேன். அக்கா சமையலறையில் நின்றபடி முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் அடுப்பை அணைத்தாள். "எட்டு மாசம்," என்றாள்.  இன்றைக்கும் அவள் என்னோடு தேவைக்குத்தான் பேசுகிறாள். அவளாக என்றைக்குச் சரியாகிறாளோ அன்றைக்குத்தான், நான் அவசரப்படுத்த முடியாது.

மாமா மறுபடி ஓட்டுகிறார். பூட்டை ஒரு தடவைதான் இழுத்துப் பார்க்கிறார் என்று கேள்வி. சைக்கிளை விற்கவில்லை, மறுபடி பழைய டயரையே மாட்டிக்கொண்டு போனார். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், நான் கடையைத் திறக்கும்போதே வாசலில் நின்றார். என்னிடம் வருவார் என்று நான் நினைக்கவில்லை. 

"காத்துப் பாரு மாப்ளே. அறுபது வேணும்."

கடையில் காற்றழுத்தம் பார்க்கும் கேஜை வைத்து இரண்டு சக்கரத்தையும் பார்த்தேன். குறைந்திருந்ததற்கு அடித்தேன். மறுபடி பார்த்தேன். "அறுபது இருக்கு மாமா, சரியா இருக்கு," என்றேன்.

எட்டு வருஷமாக அந்த வார்த்தைக்கு அவர் ஏறி உட்கார்ந்து போயிருக்கிறார். இப்போது சட்டைப்பையில் கைவிட்டு ஒரு சின்னக் கேஜை எடுத்தார். புதிதாக வாங்கியது, வேறு ஏதோ கடையில். குனிந்து, முன்சக்கரத்தில் ஒரு தடவை, பின்சக்கரத்தில் ஒரு தடவை வைத்துப் பார்த்தார். நான் பம்ப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அறுபதுதான் இருக்கு," என்றார். கேஜைப் பையில் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வருகிறார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் அடித்து முடித்த பிறகு அந்தக் கேஜை எடுக்கிறார். இப்போதெல்லாம் நான் எண்ணைச் சொல்வதில்லை. அவர் பார்த்துச் சொல்லும் வரை காத்திருக்கிறேன்.